திருப்புளி சுமந்த சேதி

கடற்படை எஞ்சினியர் அருளானந்தத்திடம் நீளமான திருப்புளி ஒன்று இருந்தது. இயந்திரம் முனகினால் அதன் முனையை இயந்திரத்தில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். போரில் குண்டடிபட்ட கப்பலையும் அப்படிக் கேட்டுக் கேட்டே கரைசேர்த்தவர். இயந்திரம் சொன்னதைச் சொன்னபடி அவர் காதில் சேர்ப்பதுதான் திருப்புளியின் வேலை.

அவரை அடக்கம் செய்த மறுவாரம், வீட்டுத் தண்ணீர் மோட்டார் முனகியது. மனைவி ரெஜினா, பதக்கம் தொங்கிய அவர் படத்தைப் பார்த்தாள். பிறகு திருப்புளியை எடுத்து மோட்டாரில் ஊன்றி, அவரைப் போலவே காது கொடுத்தாள்.

"அவர் இல்லாம ஓடவே மனசு வரலை," என்றது மோட்டார்.

இதைப் போய் இவளிடம் எப்படிச் சொல்வது என்று திருப்புளி தவித்தது. மாற்றிச் சொல்லிப் பழக்கமில்லாததால் அப்படியே சொல்லிவிட்டது.

ரெஜினா மோட்டாரைத் தட்டிக்கொடுத்தாள்.

"எனக்கும்தான்ப்பா. தொட்டி காலியா கெடக்கே, ஓடித்தானே ஆகணும்."