எண்பது வந்தால் கதவு திறக்கும்

சொன்னால் நம்பமாட்டீர்கள், எங்கள் அலுவலகத்திலிருந்து யாரும் வருத்தத்தோடு வீட்டுக்குப் போக முடியாது. எல்லோருடைய கைப்பட்டையிலும் மகிழ்ச்சி எண் எண்பதைத் தொட்டால்தான் கதவு திறக்கும். அன்றைக்கு இளவழகன் முப்பதிலேயே நின்றான். அவன் மனைவிக்குப் பிரசவ வலி கண்டிருந்தது.

"சார், என்னை மட்டும் வெளியே விடுங்க சார்!"

"கதவு என் பேச்சைக் கேக்காதுடா. கொஞ்சம் சிரியேன், தங்கம்!" என்று மேனேஜர் செல்வநாயகம் மேசைமேல் ஏறி ஆடினார். அந்த ஆட்டத்தில் மூன்று மாடியும் குலுங்கின. ரெஜினா அக்கா அவன் வாயில் ஒரு கிலோ மைசூர்பாக்கைத் திணித்தார். நாங்கள் பன்னிரண்டு பேர் அவன் உள்ளங்காலில் கிச்சுக்கிச்சு மூட்டினோம். சிரித்துக்கொண்டே அழுதான். எண் இருபதுக்கு இறங்கியது.

ஏழு மணிக்கு அவன் மாமியார் போனில் வந்தார்.

"பொண்ணு பொறந்திருக்கா மாப்ளே! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

நூறு! கதவு திறந்ததும் நாங்கள் மடை உடைத்த வெள்ளமாய் வெளியே பாய்ந்தோம். இளவழகனும் போனைக் காதில் வைத்தபடியே ஓடிவந்தான்.

"வலியில உங்களைத்தான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. ஏன் மாப்ளே வரல?"

வாசலைத் தாண்டுமுன்பே அவன் கால் நின்றுவிட்டது. பட்டையில் பதினொன்று. கதவு அவன் முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டது.