ஐந்தில் ஒன்று

ஒரு டப்பாவில் ஐந்து பூட்டுகள், இன்னொன்றில் அவற்றின் ஐந்து சாவிகள். வீட்டுக்காரர் அவசரத்தில் பார்க்காமலே இரண்டிலிருந்தும் ஒவ்வொன்றை எடுப்பார். திறக்காவிட்டால் திரும்பப் போட்டுவிடுவார்.

பித்தளைச் சாவிக்கு இருப்புக்கொள்ளவில்லை. "என்னை எடுத்தாலும் என் பூட்டு வர ஐந்தில் ஒரு வாய்ப்புதான். எத்தனை தடவை தோத்தாலும் இது ஏறவே மாட்டேங்குதே."

"திரும்பத் திரும்ப உள்ளே போட்டா எப்படி ஏறும்? பேசாம படு," என்றது இரும்புச் சாவி.

பித்தளைச் சாவி படுக்கவில்லை. கை வரும்போதெல்லாம் முண்டியடித்து மேலே வந்தது. ஒருவழியாக அதன் பூட்டே வந்து சேர்ந்தது. சாவி திரும்பியதும் திறந்துகொண்டது.

"வந்துட்டேன். இனி நாம பிரியவே வேண்டாம்," என்றது சாவி, மூச்சு வாங்க.

பூட்டு பதில் சொல்வதற்குள் வீட்டுக்காரர் அதை வாசல் கதவில் மாட்டிப் பூட்டினார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியூருக்குக் கிளம்பினார்.