அசையாத புள்ளி

சிநேகிதி பிறின்சியுடன் சுற்றுலா போன மகள் ஆதிரை இருக்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி, ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக அசையவில்லை. ஜேர்மனியின் எசன் நகரில், சமையலறை மேசையருகில் இருந்த முருகேசு போனை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"நமீபியாப் பாலைவனத்துக்கு நடுவில நிக்குது கார். சுத்திவர ஒரு வீடில்லை. போன் அடிக்கிறன், எடுக்கிறாளில்லை."

"பிறின்சியும் கூட நிக்கிறாள்தானே," என்றாள் மனைவி சுந்தரேஸ்வரி.

"ரெண்டும் பொம்பிளைப் பிள்ளையள்! சில்லு வெடிச்சுக் கார் பிரண்டுதோ, ஆரும் மறிச்சாங்களோ..."

"ஐயோ, அப்பிடிச் சொல்லாதேங்கோ!"

"வெளிக்கிட முதல் எத்தினை புத்தி சொன்னனான்? ஒரு நாளாவது என்ர சொல்லைக் கேட்டவளோ? இஞ்ச பிறந்ததுகளுக்கு நாங்கள் சொல்லுறதெல்லாம் பகிடி."

மறுபடி அழைத்தார். மணி அடித்து ஓய்ந்தது. சுந்தரேஸ்வரி சாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்று அழத் தொடங்கினாள்.

அப்போது போன் அலறியது.

"அப்பா, ஏன் இத்தினை தரம் அடிச்சனீங்கள்? போன் காருக்குள்ள கிடந்தது. நாங்கள் ரோட்டோர மரத்துக்குக் கீழ சாப்பிட்டிட்டு, அப்பிடியே படுத்திட்டம்."

"அந்த வனாந்தரத்தில இவ்வளவு நேரம் ஏன் நிண்டனி?"

"நீங்கள்தானே காலமை மெசேஜ் போட்டனீங்கள்? இண்டைக்குப் புதன், மத்தியானம் ராகுகாலம், முடியுமட்டும் காரை எடுக்காதை எண்டு. அதுதான் நிப்பாட்டினன்."

முப்பது வருடமாக ராகுகாலத்தில் தன் காரைத் தொட்டறியாத முருகேசு, நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

"நாளைக்கு அதொண்டும் பாக்காதை பிள்ளை. நிக்காமல் ஓடு."