குடையில் ஓட்டை

“மேல போறதை எவனும் செஞ்சிருவான். யாரோடது பத்திரமா கீழ இறங்குதோ, அவங்கதான் இனிமே மேஸ்திரி.”

பொம்மைப் பட்டறை முதலாளி சொல்லிவிட்டுப் போனார். லேத்துக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் இரும்புத்தூள் தின்றவர் அவர். எதிரே நிற்பவளோ நேற்று வந்த தையல்காரி.

காற்றுப் பையை ஓங்கி மிதித்தால் பாய்கிற பொம்மை ராக்கெட்டில்தான் போட்டி. உச்சிக்குப் போனதும் மூக்கு கழன்று பாராசூட் விரிய வேண்டும். பட்டறையில் அதைக் குடை என்பார்கள். அவருடைய குடை பத்துக்கு நாலு தடவை சிக்கிக்கொண்டது. அவளுடையது ஒரு தடவைகூடச் சிக்கியதில்லை.

கைராசிக்காரி என்றார் பெயின்டர்.

“ராசியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. முதலாளிகிட்ட பல்லைக் காட்டுற ராசி,” என்றார் லேத்துக்காரர்.

மறுநாள் மத்தியானம் எல்லாரும் கை கழுவப் போன நேரம். அவளுடைய குடையை எடுத்து நாலாக மடித்தார். முனையைக் கத்தரித்தார். விரித்தால் நட்டநடுவில் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை. பழையபடி வைத்துவிட்டு, பாலைக் குடித்த பூனையாக வந்து உட்கார்ந்தார். ஓட்டைக் குடை எங்கே தாங்கும்? கல் மாதிரி விழும்.

சாயங்காலம் முற்றத்தில் முதலாளி சுண்ணாம்பு வட்டம் போட்டார். லேத்துக்காரரின் குடை அன்று சிக்காமல் விரிந்தது. ஆனால் ஊஞ்சல் மாதிரி ஆடி ஆடிப் போய்க் கூரைமேல் உட்கார்ந்துகொண்டது. போகட்டும், அவளுடையது நொறுங்கத்தானே போகிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

அவள் மிதித்தாள். குடை விரிந்தது. ஆடவில்லை, அசையவில்லை. தூக்குக்குண்டு விட்ட மாதிரி நேராக இறங்கி வட்டத்துக்குள் நின்றது.

முதலாளி குடையைப் பிரித்துப் பார்த்தார். “அட, நடுவுல காத்துக்கு வழி விட்டிருக்கியே. அதான் ஆடல. எப்படிம்மா தோணிச்சு?”

“தானா அமைஞ்சதுங்க.”

வெட்டியது லேத்துக்காரர், பேர் வாங்குகிறவள் அவள். திருடி என்று கத்த வாயெடுத்தார். கத்தினால் யார் திருடன் என்று கேட்பார்களே.

புது மேஸ்திரி அவர் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

“நீங்க வெட்டினதை ஜன்னல் வழியாப் பார்த்தேண்ணே. ஒட்டுப் போடத்தான் எடுத்தேன். மாடிப்படியில நின்னு விட்டுப் பார்த்தா, முதல் தடவையா ஆடாம இறங்குது. அப்படியே விட்டுட்டேன்.”