பங்களாவுக்கு ஒன்றுமில்லை

"சுதர்ஷினீ!"

கீழே தோட்டத் தொழிலாளர் லயத்துப் பக்கமிருந்து மறுபடியும் அந்தக் கூப்பாடு. சுதர்ஷினி எழுந்துபோய் பங்களாவின் குசினி ஜன்னலைச் சாத்தினாள்.

பங்களாச் சாவிக்குத்தான் கூப்பிடுகிறார்கள், வேறென்ன.

அந்தக் காலத்துத் துரை பங்களா அது. இப்போது கொழும்பு முதலாளி ஒருவருடையது; அவளுக்கு அவர் 'சேர்'. விடுமுறைக்கு ஆட்கள் வந்து தங்குவார்கள். புக்கிங் எடுப்பது, பதில் போடுவது, பணத்தைத் திருப்பி அனுப்புவது எல்லாம் சுதர்ஷினி. லயத்துப் பிள்ளைக்கு அப்படி ஒரு வேலை கொடகவெலப் பக்கம் சும்மா கிடைத்துவிடுமா?

புயல் அடித்து ஓய்ந்தும் போன் ஓயவில்லை. ஆளாளுக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். சேர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். பங்களாவில் ஒரு கீறல்கூட இல்லை, வராமலிருப்பது அவர்கள் இஷ்டம், ஒருத்தருக்கும் திருப்பக் கூடாது.

அவளும் ஒரு பதிலை எழுதி வைத்துக்கொண்டாள். பங்களாவுக்கு ஒன்றுமில்லை, பாதை திறந்திருக்கிறது, சந்தோஷமாக வாருங்கள். கேட்டவர்களுக்கெல்லாம் அதுதான்.

லயத்துக்கு மேலே மலை வெடித்து நிற்பதை அவள் எழுதவில்லை. சனங்களையெல்லாம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் அடைத்திருப்பதையும் எழுதவில்லை. யாரும் கேட்கவில்லையே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

முந்தின நாள் சாயங்காலம் அப்பா பழனியாண்டி வந்தார். பங்களாவின் முன்வாசலால் லயத்து ஆள் வருகிற வழக்கமில்லை. குசினிக்கு வெளியே நனைந்துகொண்டு நின்றார். பின்னால், லயத்தில் பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் வெள்ளையம்மா, இடுப்பில் காய்ச்சலோடு பிள்ளை.

"பிள்ளைக்காரங்கள மட்டும் ரெண்டு ராவைக்கு உள்ள விடும்மா. பள்ளிக்கூடம் ஒழுகுது."

"வெள்ளிக்கிழம புக்கிங் இருக்குப்பா."

லயத்து ஆட்களை ஏற்றினால் பங்களாவில் இடமில்லை என்றாகிவிடும். அத்தனை பேருடைய பணத்தையும் திருப்ப வேண்டும். அவள் வேலையும் அதோடு போகும். இதையெல்லாம் வெள்ளையம்மாவிடம் எப்படிச் சொல்வது? அந்த மனுசி பிள்ளையின் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகும், ராத்திரி படுக்கப் பள்ளிக்கூடத்துக்கு வந்த சுதர்ஷினிக்கு அவர்கள் பாய் விரித்துக் கொடுத்தார்கள், ரொட்டி கொடுத்தார்கள். நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

விடிந்ததும், லயத்தில் உடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். லயத்துக்குப் போய் உடுப்பு மாற்றினாள். ரப்பர் செருப்பைக் காம்பிரா வாசல் திண்ணையில், இஸ்தோப்பில், விட்டுவிட்டு, கறுப்புச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு குறுக்குப் பாதையால் பங்களாவுக்கு ஏறிவிட்டாள். லயத்துச் செருப்போடு பங்களாவில் நடக்கக் கூடாதென்பது சேரின் சட்டம். திரும்பிப் போய் அந்த முகங்களைப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை.

இப்போது கூப்பிடுகிறார்களாக்கும். கூப்பிடட்டும்.

கரண்ட் இல்லாததால் ஜெனரேட்டர் குசினிக்குப் பின்னால் கடகடத்துக்கொண்டிருந்தது. வந்ததிலிருந்தே ஓடுகிறது. அந்தக் கடகடப்பில் இடி முழக்கம்கூடக் கலந்துபோகும்; இடையிடையே தன் பெயர் மட்டும்தான் காதில் விழுந்தது. கூப்பிடுவது ஆணா பெண்ணா என்றுகூட அவளுக்குப் பிடிபடவில்லை. நல்லதாய்ப் போயிற்று.

பேருவளையிலிருந்து றிஸ்மியா என்ற பெண் போனில் ஒரே பிடியாக நின்றாள். பழைய படமெல்லாம் வேண்டாம், இப்போதே எடுத்த வீடியோ வேண்டும். பிள்ளைகளோடு வருகிறார்களாம்.

சுதர்ஷினி முன்பக்கக் கண்ணாடி வராந்தாவுக்குப் போனாள். சாவி கேட்டு ஏறி வருகிறவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாதே. திரைச்சீலைக்குப் பின்னால் ஒடுங்கி நின்று, கையை மட்டும் ஜன்னலுக்கு வெளியே நீட்டி, போனை மெல்லத் திருப்பித் திருப்பி எடுத்தாள். சத்தத்தைக் குறைத்து ஒருதரம் ஓடவிட்டுப் பார்த்தாள். புல்வெளி, பூச்சட்டி, அதற்கப்பால் வெள்ளை வெளேரென்று பனிமூட்டம். லயம் தெரியவே இல்லை. அப்பாடா என்று அனுப்பிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் போனில் றிஸ்மியாவின் குரல்பதிவு வந்தது.

"தங்கச்சி, எடம் நல்லா ஈக்கி. ஆனா யாரோ சுதர்ஷினி, சுதர்ஷினின்னு அழுது அழுது கூப்புடுறாங்களே. மண்ணுக்குள்ள பாருங்க, மண்ணுக்குள்ள பாருங்கன்னும் கேக்குது. அந்தப் புள்ள கெடச்சிட்டாளா?"

அவள் பெயர் றிஸ்மியாவுக்குத் தெரியாது. 'நிர்வாகம்' என்று போட்டுத்தான் பதில் அனுப்பிப் பழக்கம்.

சுதர்ஷினி முன்வாசலைத் திறந்துகொண்டு ஓடினாள்.

பனி விலகியிருந்தது. மலை வந்து லயத்தின் முதுகில் உட்கார்ந்திருந்தது. அவர்களுடைய காம்பிராவின் கூரையைக் காணோம். இஸ்தோப்பு மட்டும்தான் மிச்சம்.

இஸ்தோப்பில் செருப்பு கிடந்தால் ஆள் உள்ளே என்று லயத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்பா அந்த ரப்பர் செருப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்துச் சனம் மொத்தமும் அங்கேதான் நின்றது. மம்பட்டி கிடைத்தவர்கள் வெட்டினார்கள். வெள்ளையம்மா காய்ச்சல்காரப் பிள்ளையை ஒரு சாக்கில் கிடத்திவிட்டு, வெறுங்கையால் மண்ணை வாரி வாரி எறிந்துகொண்டிருந்தாள்.

இந்தா இருக்கேன் என்று ஒரு சத்தம் போட்டால் போதும்.

புல்வெளி விளிம்போடு சுதர்ஷினி நின்றுவிட்டாள். பாவாடைப் பைக்குள் பங்களாச் சாவிக்கொத்து கனத்தது. அப்படியே புல்லில் குந்தி, முதலில் அந்தப் பங்களாச் சப்பாத்தைக் கழற்றப் பார்த்தாள்.

நனைந்த நாடா முடிச்சு விழுந்து இறுகியிருந்தது. கீழே தோண்டிக்கொண்டே இருந்தார்கள்.