கழற்றிய கதவு

பந்திங் ஊரில் வாங்கிய பழைய கேரவனின் கதவு பாதிக்கு மேல் திறக்காமல் இறுகிக் கிடந்தது. மாலையில் டெங்கில் ஊர் இரவுச் சந்தையான பாசார் மாலாமில் தோசைக் கடை போட வேண்டும். எண்ணெய் விட்டும் கீல் அசையவில்லை. எரிச்சலில் குணாளன் கீலையே கழற்றிவிட்டுக் கதவைத் தூக்கிப் புல்லில் போட்டான். உள்ளே மனைவி தேவகி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கீலின் துருவைச் சுரண்டும்போது, முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

“என்னங்க, கதவை ஏன் சாத்துனீங்க? ஒரே இருட்டா இருக்கு லா.”

திரும்பினான். கேரவன் வாசல் திறந்துதான் இருந்தது. வெயில் அடுப்புவரை விழுந்திருந்தது. தேவகி அங்கே இல்லை.

“சீக்கிரம் திறங்க!”

புல்லில் கிடந்த கதவுக்கு அடியிலிருந்து தேவகி தட்டினாள்.

ஓடிப்போய்க் கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். கீல் அவன் இடது கையில் இருந்தது. கதவு இறுகியே கிடந்தது.