நானூற்றுப் பதினேழாம் எண் உறை

நானூற்றுப் பதினேழாம் எண் உறை காலைத் தபாலில் வந்துவிட்டது.

அவள் அதை அடுக்கின் அடியில் செருகினாள். உருவி மேலே வைத்தாள். பிறகு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

விடைத்தாள்களைக் கணினியில் ஏற்றுவது அவள் வேலை. ஆய்வின் பெயர் ‘வளரிளம் பருவ நெருக்கப் பிணைப்புகளும் மனநலனும்’. காதல் என்ற சொல் கூடாது என்று முடிவெடுக்க நிபுணர் குழு நான்கு முறை கூடி, நான்கு முறையும் நன்றாகச் சாப்பிட்டது.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு பதினாறு வயதுப் பிள்ளைகளிடம் கேட்டார்கள்: உங்கள் மனத்தில் இருப்பவர் யார்? பெயர் வேண்டாம், பட்டியலில் உள்ள எண் போதும்.

அதே ஆட்களைத் தேடிப்பிடித்து இப்போது கேட்கிறார்கள்: அன்று உங்கள் மனத்தில் இருந்தவர் யார்?

ஐந்நூற்று அறுபத்திரண்டு அவள்தான். வேலைக்கு எடுக்கும்போது பேராசிரியர் அதைக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

பழைய தாள்களை ஏற்றும்போதுதான் பார்த்தாள். நானூற்றுப் பதினேழு, ஸ்கேல் இரவல் வாங்கித் திருப்பியே தராதவன், 562 என்று அழுத்தி எழுதியிருந்தான். தூக்கம் வருகிறதா? இல்லை. தனிமையாக உணர்கிறீர்களா? மிகவும்.

அன்றிலிருந்து தினமும் தபால்காரரை வாசலிலேயே மடக்கினாள். என்ன ஒரு கடமையுணர்ச்சி என்று அலுவலகமே மெச்சியது. தன்னுடைய புதுத் தாளை எப்போதோ நிரப்பிவிட்டாள்: 417.

உறையைப் பிரித்தாள்.

தூக்கம் வருகிறதா? நன்றாக.

அன்று மனத்தில் இருந்தவர்? ‘அப்படி யாரும் ஞாபகம் இல்லை.’

கடைசி எழுத்துவரை பதிந்து முடித்தாள். பேராசிரியர் பின்னால் வந்து நின்று, ஜோடி ஜோடியாக ஒப்பிட்டுக் காட்டச் சொன்னார். திரையில் வந்தது.

417 – 562. அன்று: ஒருதலை. இன்று: ஒருதலை.

“பாத்தியாம்மா! இருபது வருஷம் ஆகியும் இம்மி அசையல. என் வினாத்தாள்னா சும்மாவா? முன்னுரையில இந்த ஜோடியையே போட்டுடு!”

“போட்டுடறேன் சார்.”

எல்லாம் பரம ரகசியம் என்று அன்று பள்ளி மேடையில் ஒலிபெருக்கி வைத்துச் சொன்னவர் இவர்தான். தாள்களை வாங்கியதோ வகுப்பாசிரியை. ஒவ்வொன்றையும் படித்துப் படித்துத்தான் வாங்கினார். அவர் இரண்டு பெஞ்சு தள்ளி வரும்போது, அவள் தான் எழுதியிருந்த 417ஐக் கறுப்பாக அடித்துவிட்டு, ‘யாருமில்லை’ என்று எழுதினாள்.

அந்த ஒருதலை எந்தப் பக்கம் என்று கேட்க அட்டவணையில் கட்டம் கிடையாது.

‘மாற்றமில்லை’ என்று தட்டச்சு செய்தாள்.